தானிஸின் ஓரக்கண்

கல்யாணமான நாள் முதல் காசியானாவுக்குப் புருஷனோடு சண்டை கிடையாது. அவன் கண்களோடுதான் சண்டை. தானிஸுக்குக் கை சுத்தம், வாய் சுத்தம். கண் மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. பிலிப்பினோக்கள் வந்து குடியேறிய டெலானோவின் திராட்சைத் தோட்டங்களில் இருவரும் ஒரே வரிசையில் நின்று கொத்து வெட்டிய காலத்தில், அடுத்த பந்தலில் புதிதாக ஒருத்தி குனிந்தால் போதும். இவன் கத்தரி தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கும், கண் அங்கே போய்த் திரும்பியிருக்கும். தலையைத் திருப்பவே மாட்டான். அதுதான் அவன் சாமர்த்தியம். முகம் கோயில் சூசையப்பர் சுரூபம் மாதிரி நேராக இருக்கும், எல்லாம் ஓரக்கண்ணிலேயே முடிந்துவிடும்.

"அந்தக் கண்ணை ஒரு நாள் நோண்டி ஊறுகாய் போடுறேனா இல்லையா பாரு" என்பாள் காசியானா. அவன் சிரிப்பான். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, "தாயே, இவன் கண்ணை என் பக்கமே நிறுத்திக் குடு. வேற ஒண்ணும் கேக்கல" என்று வேண்டிக்கொள்வாள். மகள்கள் இருவரும் வளர்ந்து தூர ஊர்களுக்கு நர்ஸ் வேலைக்குப் போனார்கள். இவளுக்கு முட்டி தேய்ந்தது. அவனுக்குத் தலை வெளுத்தது. வேண்டுதல் மட்டும் மாறவில்லை.

போன வருஷம் மாதா காது கொடுத்தாள். தானிஸின் கண் அலைவதை நிறுத்தியது. பூசையில் பாட்டுக்குழுப் பெண்கள் பக்கவாட்டில் வரிசையாகப் போனாலும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காசியானா கூப்பிட்டால் வெறுமனே கண்ணைத் திருப்புவதில்லை, முழு முகத்தையும் திருப்பி, அவளை நேருக்கு நேராகப் பார்த்துப் பதில் சொன்னான். காதலித்த காலத்தில்கூட அப்படிப் பார்த்ததில்லை. அவளுக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்ட மாதிரி இருந்தது.

"எழுபத்து நாலு வயசுல என் கெழவன் திருந்திட்டான்" என்று பாசிங்கிடம் சொன்னாள். பாசிங் அவளோடு பழம் அடுக்கும் கொட்டகையில் பெட்டி கட்டியவள், ஊர்ச் செய்தி எதுவும் அவள் வாயைத் தாண்டாமல் போகாது.

"திருந்திட்டானா, தீர்ந்துட்டானா?" என்றாள் பாசிங்.

"உனக்குப் பொறாமை."

"எனக்கு எதுக்கு? என் ஆளு செத்து, கல்லறையில நேராத்தான் படுத்திருக்கான். உன் ஆளைப் பத்தி ஊரே வேற சொல்லுது. கர்வம் வந்திடுச்சாம். உன் ஞானப்பிள்ளை டெனாங் இருக்கான்ல, அவன் மகன் போன வாரம் நம்ம பிலிப்பினோ மன்றத்துல தாத்தா கையை நெத்தியில வச்சு ஆசி வாங்கக் கை நீட்டிட்டு நின்னுருக்கான். உன் ஆளு கண்டுக்காம விறுவிறுன்னு போயிட்டானாம். புள்ளை அழுதிருக்கு."

"பார்த்திருக்க மாட்டான்."

"இடுப்புக்குப் பக்கத்துல நின்ன புள்ளையையா?"

காசியானாவுக்கு, அவன் ஓட்டிய வேன் வீட்டு வாசல் தபால் பெட்டியைச் சாய்த்ததும், மேசை விளிம்பிலிருந்த காப்பிக் கோப்பையை அவன் இரண்டு தடவை தட்டிவிட்டதும் நினைவுக்கு வரத்தான் செய்தன. வயசானால் கை தடுமாறும், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள்.

அவள் விட்டுவிட முடியாத விஷயம் வேறு. அதன் பெயர் ஹோவித்தா.

ஹோவித்தாவின் புருஷன் ருபினோ செத்து மூன்று வருஷம் ஆகிறது. பிலிப்பினோ மன்றத்துக்குப் பக்கத்து வீடு அவளுடையது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டு வந்தவளுக்கு உலகமே புதிதாகிவிட்டது. "மனாங், உங்க சட்டை இவ்வளவு செவப்பா? இத்தனை நாள் பழுப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று மூத்த பெண்களை மனாங் என்றும் ஆண்களை மனோங் என்றும் அக்கா, அண்ணன் முறை வைத்து ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னாள். அதோடு நின்றாளா? மன்றத்தில் கண் பரிசோதனை நாள் வைக்க ஆட்களைக் கூட்டிவந்தாள். மன்றத்தில் சனிக்கிழமை ஜோடி ஆட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"மனோங், மனாங், எல்லாரும் கேளுங்க. புரை வந்தா எடுத்துரலாம், பயமில்ல. கண் அழுத்தம்னு ஒண்ணு இருக்கு. அது வலிக்காது, அரிக்காது. ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டு வரும். போன பார்வை திரும்பாது, இருக்குறதைக் காப்பாத்தலாம். அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ கடைசிக் காலத்துல கண்ணு போயிருந்தா நீங்க கட்டாயம் காட்டணும்."

"ஒரு டாக்டர் இவ கண்ணைத் தொறந்துவிட்டான், இவ ஊருக்கே கண்ணு குடுக்க வந்துட்டா" என்று சாப்பாட்டு மேசைக்குப் பின்னாலிருந்து காசியானா முணுமுணுத்தாள். பரிசோதனை நாளன்று அவள் போகவில்லை. "முருங்கைக்கீரை திங்கிறவளுக்கு எதுக்குடி கண்ணு டாக்டர்?" என்று பாசிங்கிடம் சொல்லிவிட்டு வீட்டில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தானிஸ்தான் முட்டி வலிக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினான்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு அந்தப் புதுப் பழக்கம் வந்தது. மன்றத்துக் கொல்லையில் எல்லோருமாகச் சேர்ந்து போட்ட காய்கறிப் பாத்திக்குத் தினமும் சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சப் போனான். கத்தரி, வெண்டை, பந்தல் போட்ட பாகல், ஒற்றை முருங்கை. இதற்கு எதற்குச் சட்டை மாற்றிக்கொண்டு போக வேண்டும்? சனிக்கிழமை ஆட்டத்தில் ஊர்ப் பெண்கள் எல்லோரோடும் ஒரு சுற்று ஆடுகிறவன், இப்போது ஹோவித்தாவோடு மட்டும் ஆடினான். அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் இழுத்த பக்கமெல்லாம் போனான். அந்தக் காலத்தில் டெலானோவில் தானிஸ் இழுத்த பக்கம்தான் பெண்கள் போவார்கள்.

சாப்பாட்டு மேசைக்குப் பின்னாலிருந்து காசியானா பார்த்தாள். அகப்பையை எடுத்துப் பானையில் போட்டு ஒரு இடி இடித்தாள்.

"மெல்ல, மனாங். அது கறி, சிமிட்டி இல்ல" என்றான் தட்டோடு நின்ற ஒருவன்.

அக்டோபர் கடைசி. பிந்திய பழத்துக்கு மழை படாதிருக்கத் தோட்டங்களில் பந்தல் மேலெல்லாம் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். காற்றடித்தால் ஊரைச் சுற்றிலும் படபடவென்று சத்தம் கேட்டபடி இருக்கும். அப்படி ஒரு சாயங்காலம், மறந்துவிட்டுப் போன அவன் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு காசியானா மன்றத்துக்கு நடந்தாள். சட்டை ஒரு சாக்கு. கொல்லைப் பக்கம் தண்ணீர் பாயும் சத்தமில்லை. வேன் கதவு திறந்திருந்தது. ஓட்டுகிற இடத்தில் தானிஸ் தலையைப் பின்னால் சாய்த்துக் கிடந்தான். ஹோவித்தா அவன்மேல் குனிந்து, ஒரு கையால் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, முகத்தோடு முகமாக இருந்தாள்.

காசியானா கத்தவில்லை. எழுபது வயதை எட்டப் போகிறவள் பன்னிரண்டு வயதுப் பெண் மாதிரி முருங்கை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். பிறகு சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அன்றிரவுச் சாப்பாட்டில் ருசிக்குச் சேர்க்கும் மீன் ஊறல் இல்லை, உப்பும் இல்லை. வெந்நீரில் வேகவைத்த காயைத் தட்டில் தட்டினாள்.

"என்ன கெழவி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"உனக்குத்தான்."

"எனக்கென்ன?"

"வெளியில நல்லா ருசியா சாப்பிடுறவனுக்கு வீட்டுச் சாப்பாடு எதுக்கு உப்பு ஒறைப்பா?"

அவன் முழு முகத்தையும் அவள் பக்கம் திருப்பினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. காயைத் தின்று முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான். சொல்லாமல் விட்ட அந்த ஒன்று காசியானாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

கல்லறைத் திருநாள் வந்தது. பள்ளத்தாக்கில் அந்த வருஷத்து முதல் மூடுபனி விழுந்து, பத்து மணிக்குத்தான் விலகியது. டெலானோ கல்லறைத் தோட்டத்தில் பிலிப்பினோக்களின் பகுதி முழுக்கத் தரையோடு தரையாகப் பதித்த கற்கள். ஊரே பாயும் மடக்கு நாற்காலியும் சாப்பாட்டுப் பானையுமாக வந்து, செத்தவர்களுக்குப் படைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடும். தானிஸின் அண்ணன் ஹெர்மோவும் அங்கேதான் கிடக்கிறான். தம்பியை இந்த ஊருக்குக் கூட்டிவந்தவன், கடைசி வரை கல்யாணம் பண்ணாமல் தோட்ட முகாமிலேயே கிழவனாகிச் செத்தவன். அவனுக்கென்று வருஷாவருஷம் தேங்காய்ப்பாலில் கிளறிய பசையரிசி இனிப்பு, அவித்த முட்டை, ஒரு சிகரெட், சின்னக் கிண்ணத்தில் பிராந்தி. படையலைத் தானிஸ்தான் வைப்பான். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

பாசிங்கின் காரிலிருந்து பானைகளை இறக்கிவிட்டுக் காசியானா வருவதற்குள் வேனில் வந்த அவன் தட்டோடு முன்னால் போய்விட்டான். சைப்ரஸ் மரத்திலிருந்து கற்களைக் காலாலேயே எண்ணிக்கொண்டு போய், மண்டியிட்டு, தட்டை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த வருஷம் முட்டை கொஞ்சம் சின்னது. கோவிச்சுக்காதே" என்று பேச ஆரம்பித்தான்.

பாசிங் காசியானாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடியே. அது யாரு கல்லு?"

காசியானா பார்த்தாள். ஹெர்மோ ஒரு வரிசை தள்ளிப் படையல் இல்லாமல் கிடந்தான். தானிஸ் மண்டியிட்டிருந்தது ருபினோவின் கல்லுக்கு முன்னால். ஹோவித்தாவின் புருஷன் ருபினோ.

"பிராந்தி வேற வச்சிருக்கான்" என்றான் பக்கத்துப் பாயிலிருந்த ஒருவன். "ருபினோ உசுரோட இருந்தப்ப பீர்கூடக் குடிச்சதில்லையே."

"இது படையல் இல்லப்பா. அனுமதி கேக்குறாரு. பொண்டாட்டியை எடுத்துக்கட்டுமான்னு புருஷன்கிட்ட முறையாக் கேக்கணும்ல?" என்றான் இன்னொருவன். நாலைந்து பாய்களில் சிரிப்பு பரவியது.

காசியானாவுக்கு அந்தச் சிரிப்பு தலைக்குள் ஏறியது. தேய்ந்த முட்டி எங்கே போனதோ, நாலு எட்டில் அங்கே போய் நின்றாள். குனிந்து தட்டைப் பிடுங்கினாள். முட்டை உருண்டது.

"அவ புருஷனுக்குப் படையலா? ஊரு பார்க்க, என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே? வேன்ல பார்த்ததை நானே முழுங்கிட்டுக் கெடக்கேன், இது வேறயா? உங்கண்ணன் அங்க பட்டினியாக் கெடக்கான்டா பாவி!"

தானிஸ் தலை நிமிர்ந்தான். அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான், கொஞ்சம் தப்பாக. அவளைத் தாண்டி மரத்தைப் பார்த்தான், பிறகு அவளைக் கண்டுபிடித்தான்.

"என்ன கெழவி சொல்ற? இது அண்ணன்தானே?"

கையால் கல்லைத் தடவினான். எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டான். அவன் முகம் வெளுத்ததைக் காசியானா பார்த்தாள். அவளுக்கு அப்போதும் புரியவில்லை. நாடகம் என்றுதான் நினைத்தாள்.

பூக்கொத்தோடு வந்த ஹோவித்தா இடையில் வந்து நின்றாள். "மனாங், அவரைத் திட்டாதீங்க. அவருக்குத் தெரியல."

"எதுடி தெரியல? பொண்டாட்டி யாருன்னா?"

"கண்ணு தெரியல, மனாங். ஓரமெல்லாம் போயிடுச்சு. கண் அழுத்தம். அன்னிக்கு மன்றத்துல நான்தான் பிடிச்சு உட்கார வச்சேன். மருந்து தினம் விடணும். அவருக்குத் தோள் தூக்க வராதுன்னு நான்தான் விட்டுக்கிட்டிருக்கேன்."

"சொல்ல மாட்டேன்னு சொன்னியே, ஹோவித்தா" என்றான் தானிஸ்.

அதுதான் காசியானாவை வெட்டியது. முத்தம் இல்லை, சரி. கள்ளத்தனம் இல்லை, சரி. ஆனால் அவர்கள் இருவருக்குள் ஒரு ரகசியம் இருந்திருக்கிறது. அதற்கு வெளியே ஊரில் யார் யார் நின்றார்களோ, அவர்களோடு சேர்த்து அவளும் நின்றிருக்கிறாள். முட்டையைப் பொறுக்கி இடுப்புத் துண்டில் துடைத்து, ஹெர்மோவின் கல்லில் கொண்டுபோய்ப் படையலை வைத்தாள். திரும்பும்போது பாசிங்கின் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டார்கள். வேன் கல்லறை வாசலிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அவன் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டான். ஊருக்குள்ள மட்டும் மெல்லமா ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னேன். வசந்த காலத்துல சொன்னேன். பக்கத்துல வர்ற காரு தெரியல கெழவின்னு. நீ என்ன சொன்ன?"

அவளுக்கு நினைவிருந்தது. தோட்டத் தூசி, முருங்கைக்கீரையைத் தின்னு என்றாள். மூன்று நாள் தொடர்ந்து கீரைச் சாறு வைத்தும் கொடுத்தாள். அதோடு மறந்தே போனாள்.

"அது ஒரு பேச்சா? நீ விடாமச் சொல்லியிருக்கணும். ஊரான் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லத் தெரிஞ்சுது!"

தானிஸ் மேசை விரிப்பைத் தடவினான். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் போச்சு. ஊர்ல அவரைக் கயித்தைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவோம். கல்யாணத்துக்கு முன்னால உன்கிட்டச் சொன்னேன்ல? நீ சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்ன. 'உனக்கும் அப்படி ஆச்சுன்னா நான் ஓடிப்போயிருவேன், குருடனை மேய்க்க என்னால ஆகாது'ன்னு."

"அட கடவுளே. அப்ப எனக்கு இருவது வயசு!"

"விளையாட்டுக்குத்தான் சொன்ன. தெரியும். ஆனா நெஞ்சுல நின்னுபோச்சு. அவகிட்டச் சொல்றது சுலபம் கெழவி. அவ ஓடிப்போனா எனக்கென்ன?"

காசியானா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, அவன் தன்னிடம் பயந்ததை நினைத்துக் கோபமும் பட்டாள். எல்லாம் அடங்கினபோது பொறாமை மட்டும் அடங்காமல் மிச்சம் நின்றது. அந்தப் பெண்ணின் கை தினமும் இவன் நெற்றியில் இருந்திருக்கிறது.

"இனிமே அவ விட வேணாம். நான் விடுறேன். பாட்டிலைக் குடு."

பெருவிரல் அளவு கூட இல்லாத பாட்டில். காசியானாவின் விரல்களோ, திராட்சைக் கத்தரி பிடித்துப் பிடித்துக் கணு கணுவாக வளைந்துபோனவை. பிதுக்கினால் ஒன்று வராது, இல்லாவிட்டால் மூன்று வரும். முதல் நாள் மருந்து புருவத்தில் விழுந்து காதுக்குள் ஓடியது. இரண்டாம் நாள் மூக்கில். பாட்டில் நுனி கண்ணில் குத்தி அவன் துள்ளினான். மூன்றாம் நாள் அவளுக்கே ஆத்திரம் வந்து அழுத்தினாள், கன்னமெல்லாம் வழிந்தது.

"ஹோவித்தாவை ஒரு எட்டு வரச் சொல்லேன்" என்றான் தானிஸ், பாவமாக.

"அவ பேரை எடுக்காதே."

"அவ கை நடுங்காது."

"அவ கை ஆபீஸ்ல பேனா பிடிச்ச கை. என் கை உன்னோட சேர்ந்து பழம் வெட்டுன கை. விழுற வரைக்கும் விடுவேன், படு."

வாரம் முடியுமுன் பாட்டில் காலியாகிவிட்டது. மருந்துக் கடைக்காரப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, மாதம் முடியாமல் அடுத்த பாட்டிலுக்கு இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்றாள். "ஒரு நாள் ரெண்டு நாள் விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள் காசியானா. அந்தப் பெண் டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. போன பார்வை திரும்பாது என்று ஹோவித்தா ஒலிபெருக்கியில் சொன்னது காதில் ஒலித்தது. வீம்பு பிடித்துத் தான் கன்னத்தில் வழியவிட்டது மருந்தை மட்டுமில்லை என்று அவளுக்கு அங்கேயே, பற்பசை அடுக்குக்கு முன்னால், உறைத்தது.

நேராக ஹோவித்தாவின் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் தட்டினாள். ஹோவித்தா திறந்தாள், கையில் பாதி உரித்த வெங்காயம்.

"பாட்டில் தீர்ந்துபோச்சு" என்றாள் காசியானா. "நான்தான் தீர்த்தேன். ஒரு சொட்டுகூட ஒழுங்கா விழல. உன்னைக் கூப்பிடச் சொன்னான், நான் கூப்பிடல."

"உள்ளே வாங்க மனாங்."

"வர்றதுக்கு முன்னால சொல்லிடுறேன். உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. இப்பவும் எரியுது."

"தெரியும் மனாங். அன்னிக்கு முருங்கை மரத்துக்குப் பின்னால நின்னீங்களே, பார்த்தேன். டாக்டர் கண்ணை நல்லாத்தான் தொறந்துவிட்டான். வந்து உட்காருங்க."

டாக்டரிடம் ஹோவித்தாவே தொலைபேசியில் பேசினாள், கெஞ்சினாள், கொஞ்சம் சத்தமும் போட்டாள். மாதிரிக்கென்று இலவசமாகத் தரும் சின்ன பாட்டில் ஒன்று இருக்கிறது, மத்தியானம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்தாள்.

"இது மருந்தில்ல, கண்ணு காயாம இருக்க விடுற வெறும் தண்ணி. பழகிக்கலாம்."

"யாரு கண்ணுல?"

ஹோவித்தா நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தாள். "என் கண்ணுலதான்."

காசியானா அவள்மேல் குனிந்தாள். அன்றைக்கு வேனில் ஹோவித்தா நின்ற அதே மாதிரி. அந்த முகத்தை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வாயோரம் சுருக்கம், காதுப் பக்கம் சாயம் ஏறாத வெள்ளை முடி. பாட்டிலின் கூர்நுனிக்குக் கீழே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, இமைக்காமல் கிடந்தாள். வயிறு எரிகிறது என்று சொன்னவளிடம் கண்ணைக் கொடுத்துவிட்டுக் கிடக்கிறாளே என்று காசியானாவுக்கு இருந்தது.

"கையை அந்தரத்துல வைக்காதீங்க மனாங். உள்ளங்கையை என் நெத்தியில ஊனுங்க. நல்லா அழுத்தி. இப்ப நடுங்குதா?"

"இல்ல."

"கீழ் இமையை இழுத்தா ஒரு பை மாதிரி வரும். அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு."

முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். நாலாவதோ ஐந்தாவதோ பைக்குள் போய் உட்கார்ந்தது. ஹோவித்தா கண்ணை மூடிச் சிரித்தாள், தண்ணீர் வழிந்தது. காசியானாவும் சிரித்துவிட்டாள். பிறகு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

"உங்க கண்ணைக் காட்டியாச்சா, மனாங்?"

"எனக்கென்ன கேடு?"

"அவரும் இதைத்தான் சொன்னாரு."

"சரி சரி. அடுத்த தடவை வர்றேன். நீ ஒலிபெருக்கியில கத்தாம இருந்தா வர்றேன்."

சாயங்காலம் புது பாட்டிலோடு ஹோவித்தா வந்தாள். காசியானாவின் கை எப்படி இருக்கிறது என்று பார்க்க அடுக்களை வாசலில் சத்தமில்லாமல் நின்றுகொண்டாள். தானிஸ் ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தான். காசியானா உள்ளங்கையை அவன் நெற்றியில் ஊன்றினாள். இமையை இழுத்தாள். இடது கண்ணில் ஒன்று. வலது கண்ணில் ஒன்று. இரண்டும் உள்ளேயே விழுந்தன. ஹோவித்தா சொல்லிக்கொடுத்தபடி மூக்குப் பக்கத்து மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அடேங்கப்பா" என்றான் கிழவன். "எப்பக் கத்துக்கிட்ட?"

"இப்பக் கண்ணைத் தொற. என்ன தெரியுது?"

"உன் மூஞ்சி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. சுத்திக் கருப்பும் இல்ல, வெளுப்பும் இல்ல, சும்மா ஒண்ணுமே இல்ல. நீ மட்டும்தான் இருக்க, கெழவி."

ஆயுசு முழுக்க இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் மெழுகுவத்தி ஏற்றினாள். இப்போது அது கிடைத்துவிட்டது. இவன் திருந்திவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அன்றைக்கெல்லாம் இவன் கண்ணின் ஓரம் உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் அதைப் பார்த்துப் பூரித்துப்போயிருக்கிறாள்.

"பக்கத்துல யாரும் நிக்கிறாங்களா, பாரு" என்றாள்.

"யாரு இருக்கா? நாம ரெண்டு பேருதானே."

இரண்டு கை தூரத்தில் ஹோவித்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

காசியானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தானிஸின் முகவாயைப் பிடித்தாள். அவன் முகத்தைத் தன்னிடமிருந்து மெல்ல வாசல் பக்கம் திருப்பினாள்.

"இந்தப் பக்கம் பாரு. இன்னும் கொஞ்சம். அவ வந்திருக்கா."

அவன் தேடினான். நிலைக்கதவு, நாள்காட்டி, பிறகு ஹோவித்தா. கண்டுபிடித்ததும் அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது, திராட்சைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் பார்த்து வருமே, அதே சிரிப்பு. காசியானா அதைப் பார்த்தாள். அடிவயிறு எரியத்தான் செய்தது.

"நல்லாப் பாரு" என்றாள். அவன் பார்த்து முடிக்கும்வரை முகவாயிலிருந்து கையை எடுக்கவில்லை.